மாசி பங்குனியில் மலை ஏன் எரியுது?

மாசி மாசம் பாதி தாண்டிருச்சுன்னா எனக்கு வர்ற வாட்ஸ்அப் செய்தியில பாதி ஒரே மாதிரி இருக்கும். ராத்திரியில மலை மேல செவப்பா வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு கோடு. யாரோ செல்போன்ல எடுத்த வீடியோ. அதுக்குக் கீழே சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்கிற ஒரு நண்பர் கேட்டிருப்பார்: "அண்ணே, இது உங்க பக்கமா? யாரு வெச்சது?"

எங்க ஊர் போடிநாயக்கனூர் பக்கத்துல, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். என் தோட்டத்து மேல் வேலியில நின்னா குரங்கணி மலை முழுசாத் தெரியும். அதனால கேள்வி என்கிட்ட வர்றது நியாயம்தான்.

"யாரு வெச்சது"ங்கிறதுக்குப் பதில் சின்னது. ஏதோ ஒரு மனுஷன். மூங்கிலும் மூங்கிலும் உரசித் தீப்பிடிக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சோம். நம்ம காடுகள்ல பத்துற தீயில ஏறக்குறைய எல்லாமே மனுஷக் கையால வர்றதுதான். வனத்துறையும் அதைத்தான் சொல்லுது. அணைக்காமப் போட்ட பீடி, மூணு கல்லு வெச்சுச் சமைச்சுட்டு விட்டுட்டு வந்த கங்கு, தேன் எடுக்கக் காட்டின புகை, மாட்டுக்குப் புதுப் புல் வரட்டும்னு வெச்ச தீ. இவ்வளவுதான் பட்டியல்.

ஆனா இந்தப் பட்டியல்ல இருக்கிற எதுவும் புதுசு இல்லை. பீடிக்கும் முன்னாடியே சுருட்டு இருந்துச்சு. மாடு இருந்துச்சு, தேன் இருந்துச்சு. இருநூறு வருஷமா அதே பொறி அதே மலையில விழுந்துக்கிட்டுத்தான் இருக்கு. அப்படின்னா கணுக்கால் உசரத்துக்கு ஊர்ந்து போன தீ, இப்ப ஆளை விழுங்குற உசரத்துக்கு ஏன் எழும்புது? எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாப் படுது. இதுக்குப் பதில் தேடினா 1882 வரைக்கும், அதுக்கும் முன்னாடி வரைக்கும் போக வேண்டியிருக்கு.

மலையோட வருஷக் கணக்கு

முதல்ல மலை எப்படி எரியுதுன்னு பார்த்துரலாம். எங்க பக்கம் ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை. அந்த மழையில சரிவு முழுக்கப் புல் கெளம்பும். மார்கழி, தை பனியில அது கழுத்து உசரம் நிக்கும். இதுல நெறைய சுக்குநாறிப் புல் வகை. கசக்கி மோந்தா எலுமிச்சை வாசம் வரும். அந்த வாசத்துக்குக் காரணம் புல்லுல இருக்கிற எண்ணெய். மாசியில பனி நின்னு, வெயில் ஏறி, காத்து காஞ்சதும் அந்தப் புல் வைக்கோலா நிக்கும். கோடை மழை விழுற வரைக்கும், சுமாரா ரெண்டு மூணு மாசம், அதுதான் தீக்காலம்.

இங்க ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. மழை பொய்ச்ச வருஷத்தை விட, நல்ல மழை பெஞ்சு அடுத்து வெயில் காயுற வருஷம்தான் புல்லு மலைக்கு ஆபத்து. மழைதான் விறகை வளர்த்து வைக்குது.

இன்னொண்ணு, சரிவு. சமதரையில ஓடுற தீ ஒரு வேகம். அதே தீ மேட்டுல ஏறுறப்போ, மேல இருக்கிற புல்லை முன்கூட்டியே சுட்டுக் காயவெச்சுக்கிட்டே போகும். சரிவு 10 டிகிரி கூடினா தீயோட வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும்னு தீயைப் பத்திப் படிச்சவங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. 20 டிகிரின்னா நாலு மடங்கு. குரங்கணிச் சரிவெல்லாம் அதை விடச் செங்குத்து. போதாக்குறைக்குப் பகல்ல அடிவாரம் சூடாகிக் காத்து மேல் நோக்கி ஏறும். மத்தியானத் தீ மலை ஏறுற தீ.

எல்லாக் காடும் இப்படி எரியாது. ஓடைக்கரைச் சோலைக்குள்ள போய்ப் பாருங்க. பங்குனியிலயும் தரை ஈரமா இருக்கும். தீ அதோட ஓரத்தைக் கடிக்கும், பெரும்பாலும் உள்ள போகாது. எரியுறது புல் மேடும், இலை உதிர்க்கிற காடும்தான்.

தீ வெச்சுப் பிழைச்ச காலம்

வள்ளி காவல் காத்தது தினைப்புனம். புனம்னா என்ன? மலைச்சரிவுல மரஞ்செடியை வெட்டி, காயவிட்டு, எரிச்சு, அந்தச் சாம்பல்ல விதைக்கிற நிலம். ஏர் கிடையாது, உரம் கிடையாது. ரெண்டு மூணு வருஷம் விளையும். அப்புறம் அந்த இடத்தைக் காட்டுக்கே விட்டுட்டு வேற இடம் போவாங்க. குறிஞ்சித் திணையோட விவசாயமே தீயிலதான் தொடங்குது. கோயில் கதையா அதைக் கேட்டுக் கேட்டு, அதுக்குள்ள ஒரு எரிஞ்ச காடு இருக்குங்கிறதை நாம மறந்துட்டோம்.

பிற்காலத்துல இதுக்குக் குமரி சாகுபடின்னு பேரு. எங்க மலையில முதுவர் குடிகள் இப்படித்தான் கேழ்வரகு போட்டாங்க.

பயிருக்கு வெச்ச தீ ஒண்ணு. மேய்ச்சலுக்கும் தேனுக்கும் பாதைக்கும் வெச்ச தீ இன்னொண்ணு. தேனி மாவட்டத்து மலை மாட்டை வெச்சிருந்த ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டினவர், என்கிட்டச் சொன்னதை அப்படியே எழுதறேன்: "தம்பி, தை கடைசியில வெக்கணும். புல்லு பாதி காஞ்சிருக்கும், பாதி பச்சை. சாயங்காலமா வெச்சா லேசா ஊர்ந்துக்கிட்டே போகும், ராத்திரிப் பனி அணைச்சிரும். பங்குனியில வெச்சவன் மாட்டுக்காரனே இல்லை."

இதைப் பெரியவர் ஒருத்தரோட பழம்பெருமைப் பேச்சுன்னு விட்டுரலாம்தான். ஆனா சத்தியமங்கலம் காட்டை ஒட்டிக் கர்நாடகப் பக்கம் இருக்கிற பிலிகிரிரங்கன் மலையில சோலிகர் ஜனங்களும் இதையே சொல்றாங்க. அவங்க பாஷையில அதுக்குத் 'தரகு பெங்கி'ன்னு பேரு. தரகுன்னா சருகு, பெங்கின்னா நெருப்பு. சருகுத் தீ. வெயில் முத்துறதுக்கு முன்னாடியே, கீழ கிடக்கிற சருகு மட்டும் எரியுற மாதிரி வெக்கிற தீ. அந்தத் தீயில மரம் சாகாது, வேர் சாகாது. அடுத்து வர்ற வெயில்ல எரியுறதுக்குத் தரையில எதுவும் மிச்சம் இருக்காது. ஏட்ரீ ஆய்வு நிறுவனத்துக்காரங்க பல வருஷமா அந்த மலையில வேலை பார்த்து, சோலிகர் சொல்ற இந்த விவரங்களை எழுதி வெச்சிருக்காங்க.

1882

1856இல் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலரா ஹியூ கிளெகார்னை நியமிச்சாங்க. ஸ்காட்லாந்துக்காரர், டாக்டருக்குப் படிச்சவர், செடிகொடி தெரிஞ்சவர். காடு வேகமா அழியுறதை அவர் பார்த்தார். அது உண்மைதான். கப்பலுக்குத் தேக்கு, ரயில் பாதைக்குக் கட்டை, இன்ஜினுக்கு விறகுன்னு மலை மலையா வெட்டிக்கிட்டிருந்த காலம். ஆனா பழியில பெரிய பங்கு குமரி சாகுபடிக்காரன் தலையில விழுந்துச்சு. 1860 வாக்கிலேயே சென்னை அரசாங்கம், அனுமதி இல்லாம அரசுக் காட்டுல குமரி போடக் கூடாதுன்னு உத்தரவு போட்டாச்சு.

அதே 1860களில் மத்திய மாகாணத்துல போரிங்கிற காட்டைத் தேர்ந்தெடுத்து, இதுக்குள்ள தீயே வரக் கூடாதுன்னு ஒரு பரிசோதனை நடத்தினாங்க. முன்னின்று நடத்தினவர் பியர்சன்ங்கிற அதிகாரி. மேலதிகாரி டீட்ரிக் பிராண்டிஸ், ஜெர்மன்காரர். காட்டைச் சுத்திப் புல்லை வெட்டி அகலமாக் கோடு போட்டு, காவல் ஆள் வெச்சு, பக்கத்து ஊர்க்காரங்களைக் கட்டுப்படுத்தினா தீயை நிறுத்த முடியும்னு காட்டினாங்க. ஐரோப்பாவுல, அதுலயும் ஜெர்மனியில, தீன்னா காட்டுக்கு எதிரி. அந்தப் பாடம் அப்படியே இங்க வந்துச்சு. அந்த நாட்டுக் காட்டுல மாசமும் இல்லை, பங்குனியும் இல்லைங்கிறது யாருக்கும் பெருசாத் தோணலை.

பிறகு 1882இல் சென்னை வனச் சட்டம். இன்னைக்கும் தமிழ்நாட்டுல அமல்ல இருக்கிறது அதேதான், பேரு மட்டும் மாறியிருக்கு. காடு 'ரிசர்வ்' ஆச்சு. அதுக்குள்ள தீ வெக்கிறது, மேய்க்கிறது, வெட்டுறது எல்லாம் அனுமதி இல்லாமச் செஞ்சா குற்றம் ஆச்சு. மத்த மாகாணங்களுக்கு வந்த இந்திய வனச் சட்டத்துல இன்னும் ஒரு பிரிவு உண்டு. ஒரு காட்டுல வேணும்னோ பெரிய அசட்டையாலயோ தீ பத்தினா, அந்தக் காட்டுல மேய்ச்சல் உரிமையையும் விளைபொருள் எடுக்கிற உரிமையையும் அரசாங்கம் நிறுத்தி வெக்கலாம். வெச்சவன் ஒருத்தன், தண்டனை எல்லாருக்கும்.

அதே காலத்துல மலை உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன நடந்துச்சுன்னும் பார்க்கணும். 1877இல் திருவிதாங்கூர்ப் பக்கம் மூணாறு மலைகளை ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரச குடும்பத்துக்கிட்டக் குத்தகைக்கு வாங்கினார். சோலையை வெட்டிச் சாய்ச்சு, காயவிட்டுக் கொளுத்தி, அந்தச் சாம்பல்லதான் அந்தக் காலத்துத் தோட்டங்கள் எழும்புச்சு. முதுவர் செஞ்சதும் அதே வேலைதான். அவங்க கேழ்வரகு போட்டுட்டு, ரெண்டு மூணு வருஷத்துல நிலத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்தாங்க. தேயிலை திருப்பிக் கொடுக்கலை. ஆனா குமரிக்குத்தான் 'காட்டை அழிக்கிற முறை'ன்னு பேரு வந்துச்சு.

ஜனங்க சும்மா இருக்கலை. அதே சென்னை மாகாணத்துல கோதாவரி மலைப்பகுதியில 1922–24இல் அல்லூரி சீதாராம ராஜு நடத்தின ரம்பா கிளர்ச்சிக்கு, போடுங்கிற எரிப்புச் சாகுபடியைத் தடுத்ததும் ஒரு காரணம். 1921 கோடையில குமாவுன் மலையில ஊர் ஜனங்க கோபத்துல அரசாங்கத்தோட பைன் காடுகளுக்கே தீ வெச்சாங்க. தீ அதுவரைக்கும் விவசாயக் கருவியா இருந்துச்சு. தடை போட்ட பிறகு அது எதிர்ப்புக்கும் கருவி ஆச்சு. திருட்டுத்தனமா வெக்கிற தீயை யாரும் பக்கத்துல நின்னு பார்த்துக்கறதும் இல்லை. வெச்சுட்டு ஓடணும். பனிக்காலமா, காத்து எந்தப் பக்கம்னு பார்க்கவெல்லாம் நேரம் ஏது?

துறைக்குள்ளேயே வந்த சந்தேகம்

வெள்ளைக்கார அதிகாரிங்க எல்லாரும் ஒரே குரல்ல பேசினாங்கன்னு நெனைச்சுராதீங்க. 1896இல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' பத்திரிகையில ஸ்லேடுங்கிற வன அதிகாரி ஒரு கட்டுரை எழுதினார். பர்மாவுல தீத்தடுப்பு அளவுக்கு மீறிப் போச்சுங்கிறதுதான் அதோட தலைப்பே. ஈரப்பதம் உள்ள தேக்குக் காடுகள்ல தீயை நிறுத்தினதும் மூங்கிலும் புதரும் அடைச்சு, தேக்குக் கன்னு முளைக்க இடமே இல்லாமப் போச்சுன்னு அவர் சொன்னார். எந்த மரத்துக்காகத் தீயை நிறுத்தினாங்களோ அந்த மரமே வரலை. இதைப் பத்திப் பல வருஷம் துறைக்குள்ள சண்டை நடந்துச்சு. அடுத்த இருபது வருஷத்துக்குள்ள பர்மாவுல தீத்தடுப்பைப் பெருமளவு கைவிட்டாங்க. சில இடங்கள்ல வெயில் முத்துறதுக்கு முன்னாடியே துறை ஆளுங்களே தீ வெக்கிற வழக்கமும் வந்துச்சு.

அதாவது மாட்டுக்காரப் பெரியவர் சொன்ன அதே விஷயம், இங்கிலீஷ்ல, நூறு வருஷத்துக்கு முன்னாடியே அச்சாகிருச்சு. ஆனா அந்த அறிவு அதிகாரி கையில இருந்தா வனவியல், ஊர்க்காரன் கையில இருந்தா குற்றம்ங்கிற நெலைமை மட்டும் மாறலை.

சேர்ந்துக்கிட்டே போன விறகு

சுதந்திரத்துக்கு அப்புறமும் சட்டம் அதேதான். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம்னு வரிசையா வந்துச்சு. யானையும் புலியும் தப்பிச்சது இந்தச் சட்டத்தாலதான், அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா சோலிகரோட சருகுத் தீ நின்னதும் அந்தக் காலத்துலதான். 1974இல் அவங்க மலை சரணாலயம் ஆச்சு. அதுக்கப்புறம் உண்ணிச்செடி புதர் காட்டை அடைச்சுக்கிச்சுன்னும், நெல்லி மரத்துல புல்லுருவி பெருகிப் போச்சுன்னும், ரெண்டையும் முன்னாடி தீதான் கட்டுப்படுத்திச்சுன்னும் அவங்க சொல்றாங்க.

உண்ணிச்செடி உங்களுக்குத் தெரிஞ்சதுதான். மஞ்சளும் ரோஸுமாக் கொத்துக் கொத்தாப் பூக்கும். அமெரிக்காக் கண்டத்துச் செடி. 1800களோட தொடக்கத்துல அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டாந்தது. இன்னைக்கு இந்தியக் காடு பூரா பரவியிருக்கு. மாடு திங்காது, மானும் அவ்வளவாத் தொடாது. வெயில்ல காஞ்சு குச்சியா நின்னா, தரையில போற தீ அதைப் பிடிச்சுக்கிட்டு ஏணி மாதிரி மரத்து மேல ஏறிரும். சருகு மட்டும் எரிஞ்ச இடத்துல இப்ப ஆள் உசரத்துக்குச் சுள்ளி அடுக்கி வெச்ச மாதிரி இருக்கு. நெறைய புதர் வந்த பிறகு பழைய மாதிரி சருகுத் தீ வெக்கிறதும் கஷ்டம். சின்னத் தீ சின்னதா நிக்காது. ஆராய்ச்சிக்காரங்க இதுல இன்னும் ஒத்துப்போகலை. தீயே புதரைப் பரப்புதுன்னு சொல்றவங்களும் உண்டு. வருஷா வருஷம் ஒரே இடம் எரிஞ்சா கன்னுங்க பொழைக்காது, சோலை சுருங்கும்ங்கிறதும் உண்மை. எப்ப, எங்க, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைங்கிறதுதான் விஷயமே.

அடுத்தது மாடு. மலை மாட்டுக் கிடைகள் எங்க பக்கம் வருஷத்துக்கு வருஷம் கொறையுது. மேய்ச்சல் அனுமதி கெடைக்கிறது கஷ்டம், பையன்கள் படிச்சுட்டுத் திருப்பூர், கோயம்புத்தூர் போயாச்சு. 2022 மார்ச்சுல சென்னை உயர் நீதிமன்றம் முதல்ல தமிழ்நாட்டுக் காடு முழுக்க மேய்ச்சலுக்குத் தடை போட்டுச்சு. கொஞ்ச நாள்லயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம்னு சுருக்கிச்சு. மாடு கூடிப் போனா காடு கெடும். அதையும் நான் கண்ணால பார்த்திருக்கேன். ஆனா மாடு திங்காத புல் எங்கயும் போயிறாது, மாசி வரைக்கும் அங்கயேதான் நிக்கும்.

மூணாவது பாதை. குரங்கணிக்குப் பக்கத்துல கொட்டகுடி. ஒரு காலத்துல மூணாறு தேயிலை ரயில்ல டாப் ஸ்டேஷன் வந்து, அங்கேர்ந்து ரோப்வேயில கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில போடிக்கு வரும். அந்தச் சின்ன ரயில் 1924 வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறமும் ஏலக்காய், காப்பின்னு தலைச்சுமையும் கழுதைச் சுமையும் இந்தச் சரிவுல ஏறி இறங்கிக்கிட்டே இருந்துச்சு. இப்ப ஏலத் தோட்டத்து ஜனங்க விடியக்காலையில ஜீப்புல போடிமெட்டு வழியாப் போயிடறாங்க. ஆளும் மிருகமும் நடக்கிற பாதையில புல் நிக்காது, அதுவே ஒரு தீக்கோடு. நடை நின்ன பாதையைப் புல் மூடிக்கும்.

2018 மார்ச் 11

அந்த ஞாயித்துக்கிழமையை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. சென்னையிலேர்ந்து ஒரு குழு, ஈரோடு–திருப்பூர் பக்கத்திலேர்ந்து ஒரு குழு. முந்தின நாள் மலையேறி, கொழுக்குமலையிலேர்ந்து குரங்கணிக்கு இறங்கி வர்ற வழியில, ஒத்தமரம் பக்கம் தீயில மாட்டிக்கிட்டாங்க. 20 பேருக்கு மேல இறந்தாங்க. அதுல நெறையப் பேர் இளவயசுப் பெண்கள். ஐ.டி. கம்பெனியில வேலை பார்த்தவங்க, புதுசாக் கல்யாணம் ஆனவங்க. சிலர் அங்கேயே, சிலர் மதுரையிலயும் சென்னையிலயும் ஆஸ்பத்திரியில பல நாள் போராடி.

மேல நான் எழுதின சரிவுக் கணக்கை இப்ப இன்னொரு தடவை நெனைச்சுப் பாருங்க. பகல் வெயில், மேல் நோக்கி ஏறுற காத்து, கழுத்தளவு காஞ்ச புல், செங்குத்துச் சரிவு. அவங்க இறங்குறாங்க, தீ ஏறுது. மனுஷன் ஓடுற வேகம் அதுக்கு ஈடே கிடையாது.

மேல முதல்ல போனது குரங்கணி, கொட்டகுடி ஜனங்களும் தோட்டத் தொழிலாளிகளும்தான். போர்வையிலயும் கம்புலயும் டோலி கட்டித் தூக்கிட்டு வந்தாங்க. ராணுவ ஹெலிகாப்டர், கமாண்டோ எல்லாம் அதுக்கப்புறம். அதுல போன சிலர் இன்னும் அந்த ராத்திரியைப் பத்திப் பேச மாட்டாங்க. கேட்டா எழுந்து போயிருவாங்க.

அதுக்கப்புறம் அரசு ஒரு நபர் விசாரணைக் குழு போட்டுச்சு. அதே வருஷம் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துச்சு. 2024இல் 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகள், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோட. தீக்காலத்துல பாதையை மூடிடறாங்க. இதெல்லாம் நல்லது. ஆனா எல்லாமே ஆளை மலையிலேர்ந்து விலக்கி வெக்கிற ஏற்பாடு. தையில அந்தச் சரிவுல நிக்கிற புல்லை என்ன செய்யறதுங்கிற கேள்வி நின்ன இடத்துலயே நிக்குது. 2019 பிப்ரவரியில பந்திப்பூர் எரிஞ்சுச்சு. 2024 மார்ச்சுல குன்னூர்ல விமானப்படை ஹெலிகாப்டர் பையில தண்ணி மொண்டு ஊத்துச்சு.

இப்ப

இந்தியாவோட காட்டுப் பரப்புல 36 சதவீதத்துக்கு மேல அடிக்கடி தீப்பிடிக்க வாய்ப்புள்ளதுன்னு இந்திய வன அளவை நிறுவனம் 2019 அறிக்கையில சொல்லிச்சு. அவங்க 2004லேர்ந்தே செயற்கைக்கோள் மூலமாத் தீயைக் கண்டுபிடிச்சுத் தகவல் அனுப்பறாங்க. இப்ப அது வனத்துறை ஆளுங்க செல்போனுக்கே போகுது. ஆனா செயற்கைக்கோள் சொல்லி, ஆள் கெளம்பி, மலை ஏறி அங்க போய்ச் சேர்றதுக்குள்ள மத்தியானக் காத்து தன் வேலையை முடிச்சிருக்கும்.

அணைக்கிற வேலை அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான். பச்சைக் குழையை ஒடிச்சு அடிக்கணும். முன்னாடி போய்ப் புல்லைச் செதுக்கிக் கோடு போடணும். தெரிஞ்சவங்க இருந்தா எதிர்த்தீ விடுவாங்க. இதைச் செய்யுறது சீசனுக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுக்கிற தீக்காவலர்கள். பழங்குடிப் பையன்கள், அடிவாரத்து ஊர்ப் பையன்கள். செருப்பும் அருவாளும் தண்ணி பாட்டிலும்தான் ஆயுதம். மலையைப் பத்தி அவங்க அப்பன் பாட்டனுக்குத் தெரிஞ்சது பாதியாவது அவங்களுக்குத் தெரியும். எப்ப எரிக்கணும்ங்கிறதை மட்டும் அவங்ககிட்ட யாரும் கேக்கிறதில்லை.

இதை விட மோசமான ஒண்ணு இருக்கு. மலையில தீயை முதல்ல பார்க்கிறவன் மாட்டுக்காரன், தேன் எடுக்கிறவன், சுள்ளி பொறுக்கப் போன அம்மா. அவங்க சொன்னா முதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? "அங்க உனக்கு என்ன வேலை?" அதனால பார்த்தவங்க பார்க்காத மாதிரி இறங்கி வந்துடறாங்க. அரை மணி நேரத்துல நாலு பேர் அடிச்சு அணைக்க வேண்டிய தீ, இப்படித்தான் மூணு நாள் தீ ஆகுது. 1882இல் விழுந்த அந்தப் பயம் இன்னும் எங்க சனங்க மனசை விட்டுப் போகலை.

வேற நாடுகள்லயும் இதே பாதையில போய்த் திரும்பினவங்க உண்டு. அமெரிக்காவுல 1935இல் 'இன்னைக்குத் தெரிஞ்ச தீயை நாளைக்குக் காலை பத்து மணிக்குள்ள அணைக்கணும்'னு விதியே வெச்சாங்க. பல பத்து வருஷம் அணைச்சு அணைச்சு, காட்டுல விறகு குவிஞ்சு போச்சுன்னு பிற்பாடு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. வட ஆஸ்திரேலியாவுல ஆர்னெம் லேண்ட் பகுதியில பூர்வகுடி ஜனங்க 2006லேர்ந்து, வெயில் முத்துறதுக்கு முன்னாடி சின்னச் சின்னதா எரிக்கிற வேலையைச் சம்பளத்தோட செய்யறாங்க. பின்சீசன்ல வர்ற பெருந்தீ கொறைஞ்சு, அதனால கொறைஞ்ச புகைக்கு ஒரு எரிவாயு நிறுவனம் காசும் கொடுத்துச்சு.

நம்ம மலைக்கு அதை அப்படியே கொண்டு வரச் சொல்லலை. உண்ணிச்செடி அடைச்ச காட்டுல முதல்ல புதரைப் பிடுங்கணும். சோலை ஓரத்தைக் காக்கணும். எந்தச் சரிவை எரிக்கலாம், எதைத் தொடவே கூடாதுன்னு பார்க்கணும். அந்தப் பேச்சுல முதுவரும் பளியரும் மாட்டுக்காரரும் உக்காரணும். 2006இல் வந்த வன உரிமைச் சட்டத்துல, காட்டைக் காக்கிற உரிமை கிராம சபைக்கும் உண்டுன்னு எழுதியே இருக்கு. முதல் படியா ஒண்ணு போதும்: தீயைப் பார்த்துச் சொல்றவனை முதல் குற்றவாளியாப் பார்க்காம இருக்கணும்.

நீங்க வர்றதா இருந்தா

தை முடியறதுக்குள்ள வாங்க, இல்லை கோடை மழைக்கு அப்புறம் வாங்க. மாசி, பங்குனியில புல்லு மலைக்கு ஏறாதீங்க. யாராவது "நான் கூட்டிட்டுப் போறேன்"னாலும் வேண்டாம்.

எப்பவாவது மாட்டிக்கிட்டா: மேல் நோக்கி ஓடாதீங்க. தீ உங்களை விட வேகமா மேல ஏறும். ரெண்டு மேட்டுக்கு நடுவுல இருக்கிற காஞ்ச பள்ளம் புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும், அதுக்குள்ளயும் இறங்காதீங்க. பக்கவாட்டுல நகருங்க. மொட்டைப் பாறை, இல்லைன்னா ஏற்கெனவே எரிஞ்சு கருகின தரை, அதுதான் பத்திரமான இடம். நைலான், பாலியெஸ்டர் துணி உருகி உடம்புல ஒட்டும். மலைக்குப் பருத்தித் துணி போட்டுக்கிட்டு வாங்க.

அடுத்த தடவை அந்தச் செவப்புக் கோடு வீடியோ வந்தா, யாரு வெச்சதுன்னு தாராளமாக் கேளுங்க. கூடவே, அந்தச் சரிவுல கடைசியா எப்ப மாடு மேஞ்சுச்சு, தையில அங்க யாராவது போய்ப் பார்த்தாங்களான்னும் கேளுங்க.

மலை மாட்டுக் கிடையைப் பத்தி ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. அந்தப் பெரியவர்கிட்ட இன்னும் ஒரு தடவை உக்காந்து பேசிட்டு, அடுத்த பதிவுல எழுதறேன்.